மூன்றடுக்கு உரப்பானை: புழுவைக் கண்டு ஓடாதவர்கள் வாங்கலாம்

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்க, சுடுமண்ணில் மூன்று பானைகள், ஒன்றின்மேல் ஒன்று. உச்சியில் ஒரு மூடி. மேலே உள்ள இரண்டுக்கும் மண் அடி கிடையாது, கயிற்று வலைதான். கீழ்ப்பானைக்கு மட்டும் முழு அடி. பக்கவாட்டில் காற்றுத் துளைகள். பெங்களூரில் 2006-ல் பூனம் பீர் கஸ்தூரி தொடங்கிய டெய்லி டம்ப் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. இன்று பல ஊர்களில் குயவர்களும் நர்சரிக்காரர்களும் இதே சாயலில் செய்து விற்கிறார்கள். இங்கே பேசுவது ஏதோ ஒரு கடையின் பானையைப் பற்றி அல்ல, இந்த வகையைப் பற்றி. அதுவும் காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும், அடுக்ககத்தில் குடியிருக்கும் வேலைக்காரர்களுக்கு இது சரிப்படுமா என்பதைப் பற்றி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருள் நல்ல பொருள். ஆனால் விற்கும்போது சொல்லும் மூன்று வாக்கு உண்டு: வாடை வராது, புழு வராது, வேலையே இல்லை. மூன்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. பூமி சூடாகிறது என்ற கணக்கை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் மூன்றாவது வாரத்தில், முதல் புழு தலைகாட்டியதும், பானையைத் துடைத்துவிட்டு மணிபிளாண்ட் நடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சென்னையின் பெருங்குடிக் குப்பை மலைக்கு முன்னால் ஒரு வீட்டின் முக்கால் கிலோ என்ன பெரிய கணக்கு? தொடர்ந்து செய்கிறவர்கள் வேறு ரகம். சாயங்காலம் விளக்கேற்றுவதுபோல, பலன் பார்க்காமல் தினமும் நாலு நிமிஷம் ஒதுக்குகிறவர்கள். தான் முகம் சுளிக்கும் பொருளை இன்னொருவர் கையில் திணிக்கக் கூடாது என்று நினைப்பவர்கள். இந்தப் பானை அவர்களுக்குத்தான் ஒத்துவரும்.

வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். கணீர் என்று வந்தால் நன்றாக வெந்தது. ‘தொப்’ என்றால் வேகாதது. ஒரு ஐப்பசி மழையில் விளிம்பு பொடியாக உதிரும். வெளியில் எனாமல் பெயிண்ட் அடித்த அழகுப் பானை வேண்டாம். சுடுமண்ணின் பலமே அதன் மேனி மூச்சுவிடுவதுதான். உள்ளே இருக்கும் ஈரம் மண் வழியாகக் கசிந்து ஆவியாகும். பெயிண்ட் அதை அடைத்துவிடும். நாலு பேர் குடும்பத்துக்கு ஒவ்வொரு அடுக்கும் 30 லிட்டராவது பிடிக்க வேண்டும். கணக்கு எளிது. காய்கறிக் கழிவு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், அதே அளவு காய்ந்த இலை. மாதத்துக்கு நூறு லிட்டர் உள்ளே போகும். அது அமுங்கி, மக்கி, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். வாய் 12 அங்குலத்துக்குக் குறைந்தால் கையை விட்டுக் கிளற முடியாது.

வலைக்கு என்ன கயிறு என்றும் கேளுங்கள். சணல் கயிறு சில மாதங்களில் தானும் உரமாகிவிடும். ஒரு நல்ல நாளில் மேல்பானைச் சரக்கு மொத்தமும் நடுப்பானைக்குள் இறங்கும். தேங்காய்நார் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். நைலான் நின்று உழைக்கும். ‘இயற்கைப் பானைக்கு நைலானா’ என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. பல வருஷம் அதே இடத்தில் உழைக்கும் கயிற்றால் பூமிக்கு ஒரு பாவமும் வராது.

தொடக்கம் இப்படி. மேல்பானையின் வலைமேல் செய்தித்தாள் இரண்டு தாள், அதன்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலை. பிறகு நுண்ணுயிருக்கு ஒரு உறை வேண்டும், தயிருக்குப் போல. இரண்டு கைப்பிடி பழைய உரம் அல்லது காய்ந்த சாணம் கரைத்த நீர் போதும். ஒரு தம்ளர் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தாலும் வேலை நடக்கும். காசு கொடுத்து நுண்ணுயிர்ப் பொடி வாங்க வேண்டும் என்பதில்லை. காய்கறித் தோலிலேயே வேண்டிய அளவு இருக்கிறது, உறை ஊற்றினால் ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கும், அவ்வளவுதான்.

தினசரி வேலை இரவில், பாத்திரம் கழுவும் நேரத்தில். சமையலறையில் ஒரு ஓட்டைக் கூடையில் தோல், காம்பு, டீத்தூள், காப்பிச் சக்கை எல்லாம் சேரட்டும். கீழே ஒரு தட்டு. இரவுக்குள் நீர் வடிந்திருக்கும். இந்த வடிதலைத் தவிர்த்தால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி நீங்களே அழைத்தது. பெரிய துண்டுகளை ஓரிரு அங்குலமாக நறுக்கிப் போட்டு, அதே கொள்ளளவு காய்ந்த இலையைத் தூவி, ஒரு துண்டுகூட வெளியே தெரியாமல் மூட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை கைக்கொத்தால் மேல் ஒரு சாண் மட்டும் கிளறினால் போதும். ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் ஆழக் கிளறல், ஈரம் பார்த்தல். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம், பிடி பிடிக்காமல் உதிர்ந்தால் குறைவு.

வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஐந்து நாள் கழிவைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்துச் சனிக்கிழமை ஒரேயடியாகக் கொட்டுவது. மூடிய டப்பாவில் காற்றில்லாமல் ஏற்கெனவே அழுகியிருக்கும். அழுகலை உள்ளே கொட்டினால் பானையும் அழுகும். தினமும் முடியாது என்றால், ஒருநாள் விட்டு ஒருநாளாவது நடக்க வேண்டும். ஆனால் பத்து நாள் ஊருக்குப் போவதில் பிரச்சினையே இல்லை. இரண்டு அங்குலம் இலை போட்டு மூடிவிட்டுக் கிளம்பலாம். மண்புழுத் தொட்டிக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

காய்ந்த பொருள் எது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மக்குவதற்குக் கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்று இருக்க வேண்டும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் தூக்கல். இலை அதைச் சரிக்கட்டும். கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் தேங்காய்நார்த் தூள். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், வாடையை அடக்கும். ஆனால் அதன் கரிமம் லிக்னின் என்னும் கடினமான நார்ப்பொருளில் பூட்டிக் கிடக்கிறது. நுண்ணுயிருக்கு எளிதில் எட்டாது. ஆறு மாதம் கழித்துச் சலித்தாலும் பாதி உரம் நார்த்தூளாகவே இருக்கும். மாதாமாதம் காசும் போகும். தெருவில் பெருக்கிக் குவிக்கும் வேம்பு, புங்கை இலை இலவசம், வேலையும் நன்றாகச் செய்யும். மாவிலையும் நாட்டு வாதாம் இலையும் தடிப்பு. நொறுக்கிப் போட வேண்டும். தைல மர இலை வேண்டாம்.

ஒரு விஷயத்தை எந்தக் கடையிலும் சொல்வதில்லை. இலை உதிர்வது மாசி, பங்குனியில். இலை தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில், எல்லாம் நனைந்து கிடக்கும்போது. அதனால் பங்குனியிலேயே சாக்குகளில் நொறுக்கி மிதித்துச் சேர்த்து வைக்க வேண்டும். 50 கிலோ அரிசிச் சாக்கு ஒன்று நாலு பேர் வீட்டுக்கு ஒரு மாதம் வரும். மழைக்காலத்துக்கு நான்கு சாக்கு. இடமில்லை என்றால் கிழித்த செய்தித்தாளும் முட்டை அட்டையும் ஒப்பேற்றும். வழவழப்பான விளம்பரத் தாள் கூடாது.

இனி பூஜையறை. நிர்மாலியத்தை, அதாவது சாமிக்குச் சாத்திக் களைந்த பூவை, கால்படும் இடத்தில் போடக் கூடாது என்பது வழக்கம். கிணறும் ஆறும் தோட்டமும் இருந்த காலத்தில் அதற்கு வழி இருந்தது. அடுக்ககத்தில் அது பிளாஸ்டிக் பையில் கட்டி ஏரிப் பாலத்திலிருந்து வீசுவதாக மாறிவிட்டது. பக்தியோடு செய்யும் அசுத்தம். உரப்பானை இதற்கு உண்மையிலேயே நல்ல விடை. பல வீடுகளில் பானை உள்ளே நுழைவதே இந்தக் காரணத்தால்தான். ஆனால் உடனே ஒரு கேள்வி எழும், பெரியவர்களிடமிருந்து: சாமிக்குப் போட்ட பூவும் தட்டில் மிஞ்சிய எச்சிலும் ஒரே பானையிலா? நியாயமான கேள்வி. அறிவியல் பேசி அதை அடக்கப் பார்க்காதீர்கள். பூவுக்குத் தனியாக 10 லிட்டர் வாயகன்ற மண்தொட்டி ஒன்று, அடியில் துளை, மேலே ஒரு தட்டு, கூடவே கொஞ்சம் இலை. ஒரு வாரப் பூ இரண்டு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். தொட்டி நிறைய மாதங்கள் ஆகும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் இந்தப் பத்து லிட்டர் செய்யும் சமாதானத்துக்கு விலை கிடையாது.

பூவைப் போடுமுன் உருவ வேண்டியவை பல. வாழைநாரில் கட்டிய பூவை அப்படியே போடலாம். இப்போது வரும் மாலைகளில் பாலியஸ்டர் நூல், ஜிகினா, பிளாஸ்டிக் மணி, சில நேரம் நடுவில் தெர்மாகோல் துண்டு. எல்லாவற்றையும் பிய்த்தெடுக்க வேண்டும். நூல் உள்ளே போனால் கைக்கொத்தில் சுற்றிக்கொண்டு கிளறவே விடாது. விபூதி ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது. சாம்பல் காரத்தன்மை உடையது, கிண்ணம் கிண்ணமாகக் கொட்டினால் கெடும். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் என்று தெரியாது, அது வேண்டாம். அபிஷேகப் பாலும் தயிரும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஊறிய திரி ஓரிரண்டு பரவாயில்லை. அரளி நச்சுச் செடி. முழுக்க மக்கிக் கறுப்பாகும்வரை அதைச் சமையலுக்கான செடிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. பிள்ளையாருக்குச் சாத்திய அருகம்புல்தான் உண்மையான வில்லன். வீட்டுப் பானையில் சூடு 55 டிகிரியைத் தொட்டு அங்கே நிற்பது அரிது. அருகின் தண்டு சாகாமல் உரத்தோடு தொட்டிக்குப் போய் அங்கே வேர் பிடிக்கும். மொட்டைமாடி வெயிலில் இரண்டு மூன்று நாள் சருகாகக் காயவைத்துப் பிறகு போடுங்கள். தக்காளி விதையும் பப்பாளி விதையும் இதே காரணத்தால்தான் கேட்காமலே முளைக்கின்றன.

புழு. பெரும்பாலும் வருவது கறுப்புச் சிப்பாய் ஈ என்பதன் புழு. தட்டையாக, கண்டம் கண்டமாக, முதலில் வெளிர் நிறத்திலும் வளர்ந்தபின் பழுப்பிலும் இருக்கும். வீட்டு ஈயின் புழு உருண்டு, வெள்ளையாக, முன்பக்கம் கூராக இருக்கும். அது வந்தால் ஈரம் அதிகம், மூடியது போதவில்லை என்று அர்த்தம். சிப்பாய் ஈ கடிக்காது. வளர்ந்த ஈ உணவு தேடி அலைவதில்லை. சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு, மடியும். அதனால் சோற்றில் மொய்த்து நோய் பரப்பும் வேலையும் இல்லை. அதன் புழு இருக்கும் பானை இரண்டு மடங்கு வேகத்தில் காலியாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இருந்தாலும் பார்த்ததும் குமட்டும். அந்த இடத்தில்தான் ஒருவர் எந்த மனநிலையோடு பானையை வாங்கினார் என்பது தெரியவரும். கொதிநீர், உப்பு, பூச்சிக்கொல்லி என்று இறங்கினால் புழுவோடு நுண்ணுயிரும் போய்ச் சேரும். பிறகு மிஞ்சுவது நாற்றம்தான். வள்ளலாரின் சீவகாருண்யத்தை உணவோடு நிறுத்திக்கொள்ளாதவர்கள் இதை வேறு விதமாகக் கையாளுகிறார்கள். வளர்ந்த புழு கூட்டுப்புழுவாக, ஈரமில்லாத இடம் தேடித் தானே வெளியேறும், பெரும்பாலும் இரவில். பானையைச் சுற்றி ஒரு அகலத் தட்டு, அதில் காய்ந்த இலை. விழும் புழு அந்தச் சருகில் ஒளியும். காலையில் தட்டோடு எடுத்துப்போய்க் கீழே மரத்தடியில் கொட்டிவிடலாம். கிளறுவதற்கு இரும்புக் கொத்துக்குப் பதில் மழுங்கிய மரக்குச்சி. சமணக் குடும்பங்களில் ஆட்சேபம் இன்னும் ஆழமானது: சாகப்போகும் உயிர் பிறக்கவே நாம் இடம் கொடுக்கலாமா என்பார்கள். அவர்களுக்குப் பானை முழு விடை ஆகாது. சமைத்த உணவை அறவே தவிர்த்து, பச்சைத் தோல் மட்டும், இரண்டு மடங்கு இலையோடு போட்டால் புழு மிகக் குறையும். பூஜ்ஜியம் ஆகாது.

பழ ஈ வேறு சங்கதி. வாழைப்பழத் தோலிலும் மாம்பழத் தோலிலும் முட்டையாகவே வீட்டுக்கு வருகிறது. நம்மூர்ச் சூட்டில் பத்து நாளைக்குள் ஒரு தலைமுறை. தோலைக் கழுவிப் போடுவதும், மேலே ஒரு அங்குலம் இலை மூடுவதும், மூடிக்கு அடியில் பழைய வேட்டித் துணி விரிப்பதும் போதும். எறும்பு வந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள், தண்ணீர் தெளியுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் நல்ல சகுனம். பானைக்கு வெளியே உப்புப் பூத்ததும் கெடுதல் இல்லை, துடைத்தால் போயிற்று.

வாடைக்கு மூக்குதான் கருவி. அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, ஈரம் அதிகம். மூன்று கைப்பிடி இலை கலந்து அடிவரை கிளற வேண்டும். மூக்கைச் சுளீர் என்று தாக்கும் அமோனியா வாடை என்றால் பச்சை அதிகம், இலை போதவில்லை. புளிப்பு வாடை என்றால் யாரோ மிஞ்சின சோற்றைக் கட்டியாகக் கொட்டியிருக்கிறார்கள். உதிர்த்து, இலையோடு பிசறிப் போட்டிருக்க வேண்டும். அதைவிட, அவ்வளவு சோறு ஏன் மிஞ்சியது என்று ஒருநாள் அடுப்படியில் பேச்சு வரும். பானை வைத்த வீடுகளில் அளந்து சமைக்கும் பழக்கம் தானாக வருவதற்கு இந்தப் பேச்சுதான் காரணம். வீண்விரயம் கூடாது என்று பள்ளிவாசலில் கேட்ட சொல்லையும், தூக்கியெறியும் பண்பாட்டைப் பற்றி போப் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய மடலையும்விடக் குமட்டும் புளிப்பு வாடை சில நேரம் சுருக்கமாக விஷயத்தைச் சொல்லிவிடும்.

இந்த வடிவத்தின் உண்மையான குறை எடைதான். நிறைந்த பானை 25 கிலோவைத் தாண்டும். மேல்பானை நிறைந்ததும் அதை நடுவுக்கு இறக்கி, காலியானதை மேலே ஏற்ற வேண்டும் என்பது முறை. தனியாகத் தூக்கினால் முதுகு போகும், அல்லது பானை போகும். விரிசல்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் விழுகின்றன. பானையைத் தூக்காதீர்கள். உள்ளிருப்பதை முறத்தால் அள்ளி அடுத்த பானைக்கு மாற்றுங்கள். அந்த மாற்றமே ஒரு நல்ல கிளறல்.

மேல்பானையில் ஒரு மாதம், அதன்பின் கீழே இரண்டு மாதம். கறுத்து, மழைமண் வாசம் வந்தால் 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலும் இரண்டு வாரம் நிழலில் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பாதி மக்கியதைத் தொட்டியில் போட்டால் அது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கும். சோதனைக்கு ஒரு கைப்பிடியை ஈரத்தோடு கவரில் மூன்று நாள் கட்டி வையுங்கள். திறந்தால் வாடை வரக் கூடாது. இன்னொன்று, அதில் பத்து வெந்தயம் விதைத்துக் குறைந்தது எட்டு முளைக்கிறதா என்று பார்ப்பது. மாதம் இருபது கிலோவுக்கு மேல் போட்டால் நாலு கிலோ உரம் வரும். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். மிச்சம் நீராகவும் காற்றாகவும் போனது. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து கிடந்திருந்தால் அதே சரக்கு மீத்தேனாகப் போயிருக்கும்; நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது; ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதே ஆண்டுதான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது.

இதற்குப் போட்டியாகச் சமையல்மேடையில் வைக்கும் மின்கருவிகள் வந்துவிட்டன; சில மணி நேரத்தில் உரம் என்கிறார்கள். அவற்றில் பல சூடாக்கி, உலர்த்தி, அரைக்கின்றன. வெளிவருவது காய்கறிப் பொடி, உரமல்ல. நனைத்தால் மறுபடி வாடை வரும், மண்ணில் கலந்து இன்னும் சில வாரம் மக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கரண்டும் ஆகும். பால்கனியே இல்லாத வீட்டுக்கு அதையும் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் மனச்சாட்சியின் உறுத்தலை விலை கொடுத்துத் தீர்க்கும் வழியாக அது விற்கப்படுகிறது. பானையின் விலையைப்போலப் பல மடங்கில்.

அடுக்ககம் முழுவதற்கும் இதை வாங்கலாமா என்று சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். வேண்டாம். 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு தருபவர்களைப் பெருங்கழிவு உற்பத்தியாளர்கள் என்றன. அந்த அளவுக்குப் பானைகளை வரிசையாக அடுக்கினால் கிளறுவதற்கே ஓர் ஆளை வைக்க வேண்டும், அந்த ஆள் யாராக இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். நம் அறத்துக்கு இன்னொருவர் முதுகு வலிக்கக் கூடாது. பொதுவில் செங்கல் தொட்டியோ கம்பிவலைக் கூண்டோ கட்டி, கையுறை, முறையான கூலி எல்லாம் பேசி நடத்துவது வேறு ஏற்பாடு.

ஒற்றையறையில் வாடகைக்கு இருப்பவர்கள், மாதம் பாதி வெளியூரில் இருப்பவர்கள், வீட்டில் ஒருவருக்காவது இதில் மனம் ஒப்பாதவர்கள் வாங்க வேண்டாம். மற்றவர்கள் முதல் சலிப்பில் கிடைக்கும் உரத்தைத் துளசிக்குப் போட நினைப்பார்கள், குறிப்பாகப் பூத்தொட்டியில் விளைந்ததை. போடலாம். ஒரு பங்கு உரம், இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல். அதற்குமேல் உரம் சேர்த்தால் ஈரம் தங்கி வேர் அழுகும். துளசிக்கு நீர் தேங்கவே ஆகாது.